ஏழு பேர் சாத்திய கேட்

முப்பத்திரண்டு வருஷம், மற்றவர்கள் நடக்காமல் இருப்பதற்காகவே உழைத்தவர் அவர். லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் எத்தனையோ ஆயிரம் பேர் படியை மிதிக்காமல் மேலே போய்ச் சேர்ந்ததற்கு அவருடைய கிரீஸ் படிந்த கைதான் காரணம். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தினமும் நடங்க. இல்லேன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார்.

காரணமே இல்லாமல் தெருவில் நடக்க லிஃப்ட்காரருக்குக் கூச்சமாக இருந்தது. கையில் ஒரு ஸ்பேனராவது இருந்தால் பரவாயில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மனைவிதான் வழி சொன்னாள். "நெடும்பாதைன்னு ஒண்ணு இருக்காமே. வயக்காட்டு வழியாவே முந்நூறு கிலோமீட்டர் போகுதாம். எல்லாம் தொண்டர்களே பாத்துக்கறாங்களாம். போய்ச் சேருங்களேன். நீங்க நடந்த மாதிரியும் இருக்கும், என் மிக்ஸியைப் பிரிச்சுப் போடாம இருந்த மாதிரியும் இருக்கும்."

அப்படித்தான் அவர் நெடும்பாதைத் தொண்டர் பேரவையின் படியேறினார்.

பேரவைக்கு ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள். கீழேயிருந்து இஸ்திரி ஆவி எப்போதும் மேலே வந்துகொண்டிருக்கும். நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைவர்; காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்தவர். பக்கத்தில் செயலாளர் அம்மா; பள்ளிக்கூடங்களைச் சோதனை போடுகிற வேலையில் இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் சோதனையை நிறுத்தாதவர்.

"எதுக்காகச் சேர விரும்புறீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"நடக்கலாம்னுங்க."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நடக்கிறவங்க நிறைய வர்றாங்க," என்றார் தலைவர், இழவு வீட்டில் பேசுகிற குரலில். "பாதைக்கு வேண்டியது அவங்க இல்ல. பாதையைப் பத்திச் சிந்திக்கிறவங்கதான் வேணும். நான் தலைவராகி ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு நாள்கூட பாதையில கால் வச்சதில்ல. ஏன்? கால் வச்சா, வச்ச இடம் மட்டும்தான் தெரியும். இந்த நாற்காலியில உட்கார்ந்தா முந்நூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டரும் தெரியும்."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். புரியாத இடத்தில் தலையாட்டுவது அவருக்கு வழக்கம். பேரவை அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டது.

பாதையில் இறங்குவதற்கு முன் ஐந்து மாதம் கூட்டங்களில் உட்கார வேண்டும் என்பது விதி. உட்கார்ந்தார். வழிப்போக்கர் திசை தெரிந்துகொள்ள மரத்திலும் கல்லிலும் மஞ்சள் கோடு போடுவார்கள். அது ஒரு சாண் நீளம் இருக்க வேண்டும். யாருடைய சாண் என்பதில் மூன்று கூட்டங்கள் போயின. கடைசியில் தலைவர் அட்டையில் கையை விரித்து வைக்க, செயலாளர் அம்மா பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார். கோடு போடப் போகிறவர்கள் முதல் நாள் வந்து தலைவரின் சாணைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நிலத்தில் வழிவிட்ட விவசாயிகளுக்கு நன்றி சொல்ல ஒரு துணைக்குழு இருந்தது. நன்றியின் வாசகத்தைத் திருத்த இன்னொரு துணைக்குழு இருந்தது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் ஏழு வருஷமாக யாருக்கும் நன்றி போய்ச் சேரவில்லை.

ஆறாம் மாதம், அவர் கையில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டி, வலது காலை முன்னே வைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் ஒன்பதாம் பகுதிக் காவலர்.

ஒன்பதாம் பகுதி நான்கு கிலோமீட்டர். ஒரு சோளக்காட்டு ஓரமாகத் தொடங்கி, ஒரு மாட்டுப் பண்ணைக்குள் இரும்பு கேட் வழியாக நுழைந்து, மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, வாய்க்கால் கரையில் முடிகிறது. முதல் நாள் அரிவாளும் மஞ்சள் பெயின்ட் டப்பாவுமாகப் போன லிஃப்ட்காரருக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. புல் ஒட்ட வெட்டியிருந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே கனமான பலகை. வழிப்போக்கருக்காக ஒரு குழாய், அதன் கீழே கவிழ்த்து வைத்த தம்ளர்.

எல்லாம் பண்ணைக்காரம்மா செய்தது. ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பதினான்கு மாடுகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க வந்து வழி கேட்டாங்கண்ணே. போங்கன்னேன்," என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கேட்டைச் சாத்திட்டுப் போங்கன்னு. அந்தப் பக்கம் பசுந்தீவனம் போட்டிருக்கேன். பனி ஈரத்தோட மாடு அதை மேஞ்சா வயிறு உப்பிச் செத்தே போயிடும். மத்தபடி எனக்கென்ன, நாலு பேரு நடமாடுறது துணைதானே."

கேட்டின் கொக்கி கொஞ்சம் பிடிவாதக்காரக் கொக்கி. கேட்டை ஒரு அங்குலம் மேலே தூக்கி அழுத்தினால்தான் 'டக்'கென்று விழும். சத்தம் கேட்காவிட்டால் சாத்தினதாக அர்த்தமில்லை. வாழ்நாள் முழுக்கக் கதவுகளோடு பழகிய லிஃப்ட்காரருக்கு அது முதல் தடவையிலேயே கைவந்தது. பண்ணைக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்து சிரித்தார். "அட, கேக்காமலே கண்டுபிடிச்சிட்டீங்களே!"

அந்த வாரக் கூட்டத்தில் அவர் பண்ணைக்காரம்மா செய்கிற வேலைகளை எடுத்துச் சொன்னார்.

"அவங்க உறுப்பினரா?" என்றார் செயலாளர் அம்மா.

"இல்லைங்க."

"அப்போ பதிவு பண்ண முடியாது. உறுப்பினர் செஞ்சாதான் தொண்டு. மத்தவங்க செஞ்சா அது சும்மா நடக்குறது."

அறிக்கையில் இப்படி ஏறியது: 'ஒன்பதாம் பகுதியில் புல் இயற்கையாகவே குட்டையாக வளர்கிறது. வாய்க்காலின் மேல் பலகை அமைந்துள்ளது.' கீழே காவலர் கையெழுத்துப் போட வேண்டும். லிஃப்ட்காரருக்கு உறுத்தியது. ஆனாலும் போட்டார்.

பேரவையின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவுக்குத் தலைவர் பாதையில் நடப்பது என்று முடிவாயிற்று. நூறு அடி. அதற்கு ஒன்பதாம் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். புல் இயற்கையாகவே குட்டையாக வளர்கிற பகுதி ஆயிற்றே. ஒரு காலை ஏழு பேரும் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். எட்டாவது ஆளான லிஃப்ட்காரரிடம் பேனர், அதன் இரண்டு கம்புகள், தலைவரின் மடக்கு நாற்காலி, தண்ணீர்ப் புட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

கேட்டைத் திறந்து எல்லோரையும் விட்டு, கடைசியாக அவர் நுழைந்தார். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் காலால் கேட்டை இழுத்துத் தள்ளினார். அது போய் இடித்தது. 'டக்' கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். திரும்பினார்.

"பேனர் எங்கப்பா? வெயில் ஏறுது!" என்று முன்னாலிருந்து தலைவரின் குரல்.

படம் எடுத்ததும் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று போனார். யார் யார் பக்கத்தில் நிற்பது என்பதை முடிவு செய்யவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தலைவர் அறுபது அடி நடந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மீதி நாற்பது அடியை அவர் மனதால் நடந்ததாகச் செயலாளர் அம்மா குறித்துக்கொண்டார். கார்கள் மறுபக்கச் சாலைக்கு வந்து நின்றன. லிஃப்ட்காரரை நாற்காலியோடு சேர்த்து உள்ளே திணித்தார்கள்.

பாலத்தைத் தாண்டும்போதுதான் கேட் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார். முன் சீட்டில் தலைவர், "பாதை நமக்குப் பணிவைக் கத்துக்கொடுக்குது" என்று ஆரம்பித்திருந்தார். அதன் நடுவே வண்டியை நிறுத்தச் சொல்ல லிஃப்ட்காரருக்கு நா எழவில்லை. அந்தம்மா பார்த்துச் சாத்திவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாயை மூடினார்.

மூன்றாம் நாள் பேரவைக்கு ஒரு கடிதம் வந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்.

'கேட் திறந்து கிடந்தது. மூணு மாடு தீவனக் காட்டுக்குள் போய்விட்டது. ரெண்டை மாட்டு டாக்டர் காப்பாற்றினார். நிறைசினையாக இருந்தது செத்துப்போனது, கன்றும் போய்விட்டது. கடைசியாக வருகிறவர் கேட்டைச் சாத்தும்படி உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்.'

அவ்வளவுதான். அவர் நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை. அதுதான் பேரவையைக் கலக்கியது.

"எதுவும் கேக்கலேன்னா என்ன அர்த்தம்? பெருசா ஏதோ கேக்கப்போறாங்கன்னு அர்த்தம்," என்றார் தலைவர். "நான் முப்பது வருஷம் காப்பீட்டுல இருந்தவன். கேட் திறந்திருந்ததுங்கறது ஒரு தகவல். யார் திறந்து போட்டாங்கங்கறது ஒரு அபிப்பிராயம். பேரவை அபிப்பிராயங்களுக்குப் பதில் சொல்லாது. விசாரிக்கும்."

விசாரணை தொடங்கியது. பண்ணைக்காரம்மாவுக்குக் கேள்விப் பட்டியல் போயிற்று. கேட் எத்தனை அங்குலம் திறந்திருந்தது? இறந்த மாட்டுக்கு முன்பு இதுபோல் வெளியேறும் பழக்கம் உண்டா? மாடு மஞ்சள் கோட்டைப் பார்த்து நடந்ததா, பார்க்காமல் நடந்ததா? பதில் வராததை ஒத்துழையாமை என்று பதிந்தார்கள்.

பிறகு, நடந்த எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும். தலைவர் எழுதினார்: 'நான் கேட்டைச் சாத்தினேன்.' செயலாளர் அம்மா எழுதினார்: 'தலைவர் சாத்தியதை மீண்டும் நான் சாத்தினேன்.' மற்ற ஐந்து பேரும் அப்படியே எழுதினார்கள். எட்டாவது தாள் லிஃப்ட்காரர் முன்னால் இருந்தது. கீழேயிருந்து இஸ்திரி ஆவி வந்துகொண்டிருந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

'எனக்கு நினைவில்லை' என்று எழுதினார்.

ஒரு லிஃப்டின் கதவு எந்த மாடியில் எப்போது சரியாகப் பூட்டவில்லை என்பதைப் பத்து வருஷம் கழித்தும் சொல்லக்கூடியவர் அவர். எழுதிய கை தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டார்.

அறிக்கை தயாரானது. 'கேட் ஏழு முறை சாத்தப்பட்டுள்ளது. ஒருமுறைகூடத் திறக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. எனவே மாடுகள் வெளியேறியிருக்க வாய்ப்பில்லை. வெளியேறியிருந்தால் அது மாடுகளின் சொந்த முயற்சி.' ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஒருமனதில் லிஃப்ட்காரரின் மனதும் இருந்தது.

வருத்தம் தெரிவித்தால் தப்பை ஒத்துக்கொண்டது போல் ஆகும் என்பதால், பேரவை பண்ணைக்காரம்மாவுக்கு 'ஆழ்ந்த வியப்பை'த் தெரிவித்துக் கடிதம் எழுதியது. கூடவே ஒரு தகரப் பலகை. 'மாடுகளின் உரிமையாளர் கவனத்திற்கு: கேட்டைச் சாத்தி வைக்கவும்.' இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, பலகையை மாட்டிவிட்டு வருவது பகுதிக் காவலரின் கடமை.

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம், போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனார். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

பண்ணைக்காரம்மா கடிதத்தை நின்றபடியே படித்தார். மடித்தார். "வியப்பாமா?" என்றார். அப்புறம், "உட்காருங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"உங்களைச் சொல்லல. உங்களை அனுப்பிச்சா நீங்க என்ன செய்வீங்க. உங்க ஒருத்தர் மேல மட்டும் எனக்குச் சந்தேகமே வரல, தெரியுமா? அந்தக் கொக்கியைச் சரியாப் போடத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். அன்னிக்கு உங்க கையில விட்டிருந்தாங்கன்னா இது நடந்தே இருக்காது."

டீ சுட்டது. லிஃப்ட்காரர் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. ஆறிய பிறகும் திறக்கவில்லை. பிறகு எழுந்து, நாலு திருகாணி போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்தது போல் நேராக அந்தப் பலகையைக் கேட் தூணின் உச்சியில் மாட்டினார். அந்தம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். மனைவி கேட்டாள், சொன்னார். முழுசாகச் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாத்த மறந்தது கிடக்கட்டும். அந்தம்மா கையால டீயை வாங்கிக் குடிச்சிட்டு, அவங்களையே ஏணியைப் பிடிக்க வச்சு, அந்தப் போர்டை மாட்டிட்டு வந்தீங்க பாருங்க." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க."

நாளை போகவில்லை. நாளை மறுநாளும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் தள்ளிப்போகப் போகச் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஒன்பதாம் பகுதிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அப்படி இரண்டு மாதம் ஓடியது.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. ஒரு வாடகை மண்டபம், இருநூறு நாற்காலி, நாற்பது பேர். சிறந்த பகுதிக் காவலர் விருது லிஃப்ட்காரருக்கு. 'இக்கட்டான காலத்தில் கடிதமும் பலகையும் சேர்ப்பித்த மன உறுதிக்காக' என்று கேடயத்தில் பொறித்திருந்தது. வழிவிட்ட விவசாயிகளையும் அழைத்திருந்தார்கள். நன்றி வாசகம் ஒருவழியாகத் தயாராகியிருந்தது. வந்தது ஒரே ஒருவர். ரப்பர் பூட்ஸ் இல்லாமல், இஸ்திரி போட்ட உடையோடு, கடைசி வரிசையில் பண்ணைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரருக்கு விருது என்று கேள்விப்பட்டு வந்தாராம். பேர் கூப்பிட்டபோது முதலில் கை தட்டியது அவர்தான்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு நிமிஷம் பேசலாம்.

"கேட்டைச் சாத்தாம விட்டது நான்தாங்க," என்றார் லிஃப்ட்காரர். "கொக்கி விழல. விழலேன்னு தெரிஞ்சும் போயிட்டேன். ஞாபகமில்லேன்னு எழுதிக் கொடுத்தது பொய்."

தலைவர் முழங்கால் வலியையும் மறந்து எழுந்தார்.

"பாத்தீங்களா! பேரவைக்காக, செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க! இதுதான் தொண்டு! இந்த மனசு யாருக்கு வரும்!"

கைதட்டல் எழுந்தது.

"செய்யாத தப்பு இல்லீங்க, செஞ்ச..."

செயலாளர் அம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஐயா, விசாரணை முடிஞ்சு, அறிக்கையை ஏத்துக்கிட்டாச்சு. அதுக்கப்புறம் உண்மையை மாத்த விதியில இடமில்ல. அடுத்து, நன்றியுரை."

நாற்பது பேர் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் மட்டும் இரண்டு கைகள் மடியில் கிடந்தன. பிறகு அந்த நாற்காலி காலியாக இருந்தது.

லிஃப்ட்காரர் கேடயத்தை மேடையிலேயே போட்டுவிட்டு ஓடினார். பஸ் நிறுத்தத்தில் அந்தம்மாவைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா..."

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துடறது யாருக்கும் வரும். நானே எத்தனையோ தடவை மறந்திருக்கேன். அன்னிக்கே வந்து சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "ரெண்டு மாசமா வர்றவன் போறவன் மேலெல்லாம் சந்தேகம். பக்கத்துக் காட்டுக்காரரோட பேச்சே விட்டுப்போச்சு, அவரு வீட்டு ஆளுங்கதான் திறந்து போட்டிருப்பாங்கன்னு. உங்களைத் தவிர எல்லாரையும் நெனச்சேண்ணே."

அண்ணே என்று சொன்னது பழக்க தோஷம். சொன்ன பிறகு அவர் வாயை இறுக்கிக்கொண்டது தெரிந்தது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பேரவைக்கு இன்னொரு நோட்டுத் தாள் வந்தது. இனி என் நிலத்தில் வழி கிடையாது, என்று ஒரே வரி. பாதை இனி நெடுஞ்சாலையோரமாக லாரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்: "எங்கள் அயராத உழைப்பால் நெடும்பாதை மேலும் பதினோரு கிலோமீட்டர் நீண்டிருக்கிறது."

லிஃப்ட்காரர் பச்சைப் பட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை என்றார்கள். மேஜையில் வைத்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை பண்ணைக்குப் போனார். முதலில் பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்த்து, நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு பண்ணைக்காரம்மாவின் எதிரே போய் நின்றார். அந்தம்மா கேட்டைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் வழியை அடைக்கக் கல் தூண்களும் முள்கம்பிச் சுருளும்.

"ஏதாவது வேலை இருந்தாச் சொல்லும்மா."

அவர் பார்த்தார். "குழி தோண்டத் தெரியுமா?"

"தெரியாது. தோண்டறேன்."

கடப்பாரையைக் கொடுத்துவிட்டு அவர் கம்பியைப் பிரிக்கப் போனார். மதியமாயிற்று. மூன்றாவது குழியில் இருக்கும்போது, முதுகில் பையோடு ஒரு ஆணும் பெண்ணும் கையில் வரைபடத்தை விரித்தபடி சோளக்காட்டு ஓரமாக வந்து சேர்ந்தார்கள்.

"நெடும்பாதை இப்படித்தானேங்க போகுது?"

"போச்சுங்க. இப்ப இல்ல."

"ஏன், என்னாச்சு?"

லிஃப்ட்காரர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சொன்னார். பேனர், காலால் தள்ளியது, விழாத கொக்கி, காரில் வாயை மூடியது, நினைவில்லை என்று எழுதியது, டீ, பலகை, ஏணி. ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் ஒருமுறை ஏதோ ஆறுதலாகச் சொல்ல வந்தாள். அவர் கேட்காமல் மேலே சொல்லிக்கொண்டு போனார். முடித்தபோது முகமெல்லாம் வியர்வை. வந்தவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வரைபடத்தை மடித்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பினார்கள்.

பின்னால் கம்பி பிரிகிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. பண்ணைக்காரம்மா மெல்ல நடந்து வந்து, மூன்று குழிகளையும் எட்டிப் பார்த்தார்.

"நடுக்குழி ஆழம் பத்தல," என்றார்.

லிஃப்ட்காரர் நடுக்குழியில் இறங்கினார்.